சிஸ்டர் அக்காவும் ஞாயிறு சாயங்காலமும்

நேற்று பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பெரியம்மா மகளோடு, அதாவது கன்னியாஸ்திரியான என் அக்காவோடு, காபி குடித்தேன். கன்னியர் மடத்தில் நவகன்னியருக்கு (துறவுக்குத் தயாராகும் புதியவர்களுக்கு) பயிற்சி கொடுப்பது அவள் வேலை.

“ஆசையே வராதாக்கா?” என்று கேட்டே விட்டேன்.

“வார்த்தைப்பாடு கொடுத்தா ஹார்மோன் நின்னுடுமாடா?” என்று சிரித்தாள். (கல்யாணம் செய்யாமல் துறவியாக வாழ்வதாகக் கொடுக்கும் வாக்குதான் வார்த்தைப்பாடு.) அவள் சேர்ந்த காலத்தில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையாம். ஜெபமாலை சொல்லு, அவ்வளவுதான். இப்போது உடல், ஈர்ப்பு, எல்லை எல்லாமே வகுப்பில் பேசுகிறாள். ஒருவர் மீது மனம் சாய்வது பாவமில்லை, அதை ஒளித்துவைத்துத் தனியே புழுங்குவதுதான் ஆபத்து என்கிறாள்.

யோசிக்க நேரமும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி நவகன்னியர் காலம் குறைந்தது 12 மாதம். அப்புறம் வழக்கமாக 3 முதல் 6 வருடம் தற்காலிக வார்த்தைப்பாடு. பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. (நமக்குக் கல்யாணத்துக்கு ஒரு தட்டு பஜ்ஜி சொஜ்ஜியோடு முடிவாகிவிடுகிறது!)

அவளுக்குக் கஷ்டம் ஆசை இல்லையாம், ஞாயிறு சாயங்காலமாம். “எல்லாரும் குடும்பத்தோட வீட்டுக்குப் போயிடுவாங்க. கான்வென்ட் அப்படியே அமைதியாயிடும்.” அதனால் அந்த நேரத்தில் பழைய தோழிகளுக்கு வாரம் தவறாமல் போன் போடுகிறாள். என் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாயிற்று. ஆறு மணிக்கு எடுக்காவிட்டால் திட்டு விழுமாம்.