தையல் பிரிந்த டின்

டின்னைக் கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் தானாக அதன் விளிம்புக்குப் போய்விடும். மேல் மடிப்பை ஒரு சுற்று தடவி, அப்புறம் கீழ் மடிப்பு, கடைசியில் பக்கவாட்டு இணைப்பு. உணவுக் கிடங்கில் அடிபட்டு ஒதுக்கப்பட்ட டின்களைத் தரம் பிரிக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். நல்லது என்று நாங்கள் எடுத்துவைப்பவை, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களுக்குப் போகும். அதனால் ஒரு டின்னைக் கழித்தாலும் மனம் உறுத்தும், தவறாக ஒன்றை அனுப்பிவிட்டாலோ தூக்கமே வராது.

முதல் நாளே இரண்டு டின்களில் தவறினேன். ஒன்று பக்கவாட்டில் மேலோட்டமாக அமுங்கி, வயிறு ஒட்டிப்போய்ப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதைக் கழித்தேன். இன்னொன்றில் மேல் விளிம்பில் லேசான ஒரு நசுங்கல் மட்டும். அதை நல்ல பக்கம் வைத்தேன். கூட வேலை பார்த்த அக்கா ஒன்றும் பேசாமல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்.

"தகரம் நசுங்கினா பரவாயில்லப்பா. தையல் பிரியக் கூடாது."

மடிப்பை அவர் தையல் என்றுதான் சொல்வார். மூடியின் ஓரமும் உடலின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி அழுத்தப்பட்டிருக்கும். மூடித் தகடு 3 அடுக்கு, உடல் தகடு 2 அடுக்கு, இடுக்கில் மெல்லிய பூச்சு. காற்றுப் புகாமல் காப்பது அந்தச் சிறிய இடம்தான். உடலில் கூர்முனை இல்லாமல், மேலோட்டமாக விழுந்த பள்ளத்தால் மடிப்பு அசையாது. விரல் பதியும் அளவுக்கு ஆழமான பள்ளம், கூராக மடங்கிய பள்ளம், தையலைத் தொட்ட பள்ளம் என்றால் பேச்சே இல்லை, குப்பைக்குத்தான்.

நான் நல்லதென்று வைத்த பட்டாணி டின்னை, அடிபட்ட விளிம்பு கீழே வரும்படி ஒரு காகிதத்தின் மேல் அக்கா கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஈரம். முகர்ந்து பார்க்கக் குனிந்தேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டார். கறை விழாமல் இருந்திருந்தாலும் அதைக் கழித்திருப்பேன், உனக்குக் காட்டத்தான் வைத்தேன் என்றார்.

வாடையை நம்ப முடியாது என்பதுதான் இந்த வேலையின் பெரிய பயம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரில்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பட்டாணி, மீன், இறைச்சி போன்ற புளிப்பில்லாத உணவை டின்னில் அடைத்த பிறகு, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூடு பத்தாமல் போனாலோ, பின்னால் விரிசல் வழியாக நுழைந்தாலோ, காற்றில்லாத டின் அதற்குத் தோதான இடம். அது உண்டாக்கும் நஞ்சு வாடையிலும் ருசியிலும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பிறகு மூச்சுக்கான தசைகளே செயலிழக்கலாம். துளி வாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பதறும்.

விரிசல் வழியாக வருவது இந்த ஒரு கிருமி மட்டும் அல்ல. 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் டைஃபாய்டு பரவியது. 500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அர்ஜென்டினாவிலிருந்து வந்த டின் இறைச்சிதான் காரணம். சூடான டின்னைச் சுத்திகரிக்காத ஆற்றுநீரில் ஆறவைத்தபோது, கிருமி உள்ளே போயிருக்கிறது. ஆறும்போது டின் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். அதற்கு ஊசிமுனை ஓட்டை போதும்.

உப்பிய டின்னில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. தக்காளி மாதிரி புளிப்பானவை உள்தகரத்தை அரித்து வாயு சேர்வதாலும் உப்பும், கிருமியாலும் உப்பும். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. திறக்காமல் இரண்டு பைக்குள் கட்டிப் போட்டுவிடுவோம். துரு, துணியால் துடைத்துப் போனால் சரி, தகரத்தைத் தின்றிருந்தால் கழிவு.

ஒருநாள் சுமை இறக்கும் அண்ணன் கழிவுக் கூடையிலிருந்து ஒரு மீன் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது. வீணாகப் போகிற சாப்பாட்டைக்கூடத் தரமாட்டேன் என்கிறானே என்று நினைத்திருப்பார். அவர் கட்டைவிரலைப் பிடித்து, மடிப்பின் மேல் மெதுவாக இழுத்தேன். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. அங்கே விரலை வைத்தபடியே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, டின்னை அவரே கூடையில் போட்டார்.

நல்ல பக்கத்திலிருந்த அந்த வயிறு ஒட்டிய வகை டின் ஒன்றை எடுத்து, மூன்று தையலையும் அவரையே தடவிப் பார்க்கச் சொல்லி, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.