குதிரையும் சேணமும்: ஒரு சின்ன கிடாரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

பதினோரு வருடம் வாசித்த டிரெட்நாட் கிடாரை இன்று உறையில் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன். வலது தோள் இறுகிப்போய் ஏழு மாதம் ஆகிறது. வலி குறைந்துவிட்டது, ஆனால் கை ஓர் அளவுக்கு மேல் எழும்புவதில்லை. டிரெட்நாட்டின் அடிவயிறு பதினைந்தரை அங்குலத்துக்கும் மேல் அகலம், ஆழம் ஏறக்குறைய 5 அங்குலம். அதன் மேல் முழங்கையைத் தூக்கிப் போட்டால்தான் கம்பி எட்டும். பத்து நிமிடத்தில் தோள் கெஞ்ச ஆரம்பிக்கிறது.

அந்தப் பேரே போர்க்கப்பலின் பேர். 1906-இல் பிரிட்டிஷ் கடற்படை இறக்கிய கப்பல் டிரெட்நாட். பத்து வருடம் கழித்து, 1916-இல், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி டிட்சன் என்ற இசைக்கருவிக் கடைக்காரர்களுக்காகச் செய்த பெரிய கிடாருக்கு அந்தப் பேர் வந்தது. அதற்கு முன்னால் அவர்கள் செய்தவை பெரும்பாலும் சின்ன உடம்புக் கிடார்கள்தான். மைக் இல்லாத காலத்தில், வீட்டுக் கூடத்தில், நாலு பேர் முன்னால் வாசிப்பதற்கானவை. எனக்கும் கூடம்தான். கிடாரை விட முடியாது, அதனால் அளவை மாற்றுவது என்று முடிவு.

செப்டம்பர் 14, சனி

அண்ணா சாலையில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டிலும் முதல் கேள்வி, "குழந்தைக்கா மேடம்?" இந்த எண்ணம் எனக்குப் பிடிப்பதே இல்லை. சின்ன உடம்பு வேறு, சிறுவர் கிடார் வேறு. பெரியவர்களின் விரலுக்கு ஏற்ற கழுத்து அகலத்தோடு, உடம்பை மட்டும் சுருக்கிச் செய்த முழுக் கருவி இது. மார்ட்டின் வழக்கப்படி பூஜ்யம் கூடக்கூட உடம்பு பெருக்கும்: ஒற்றைப் பூஜ்யம் 13.5 அங்குலம், மூன்று பூஜ்யம் 15.

ஒற்றைப் பூஜ்ய அளவில் ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தேன். கை தானாக வந்து கம்பி மேல் உட்கார்ந்தது. தோளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கால் மணி நேரம் ஓடிவிட்டது. பேஸ் கம்பியில் அந்த 'தொம்' கிடையாது. ஆனால் விரலால் மீட்டும்போது ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. விலைதான் கட்டுப்படியாகவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

வாங்கிவிட்டேன்! தாம்பரத்தில் ஒரு கல்லூரி மாணவர் வைத்திருந்த பழைய கிடார், 9,500 ரூபாய். எலக்ட்ரிக் வாங்கப் பணம் சேர்க்கிறாராம்.

முதலில் ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேற்பலகையின் ரேகைகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். இது ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகு மகோகனி பிளை, பரவாயில்லை. மேற்பலகையில் கம்பிகள் வந்து சேரும் கட்டையான பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. பசை விட்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். கழுத்து உடம்போடு 12-ஆவது பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் பிரெட்) சேர்கிறது. அதனால் பிரிட்ஜ் அடிவயிற்றின் நடுவை நோக்கி இறங்கி இருக்கிறது. ஒலியில் உள்ள உருண்டை அதனால்தான் என்று நினைக்கிறேன்.

குறை ஒன்றே ஒன்று. கம்பிகள் பலகையிலிருந்து மிக உயரம். சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை அழுத்தும் எஃப் கார்டு பிடித்தால் விரலில் கோடு விழுகிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

அளந்தேன். 12-ஆவது பிரெட்டில் தடித்த ஈ கம்பியின் உயரம் 3.2 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது 2.4.

உயரம் குறைய வேண்டும் என்றால் உடனே கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகுகிறார்கள். அது தப்பு. டிரஸ் ராடு கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டுமே. முதல் பிரெட்டிலும் 12-ஆவதிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். 0.2. கழுத்து நன்றாக இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். குறைக்க வேண்டியது சேடிலில், அதாவது பிரிட்ஜின் குழியில் நின்று கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டில். 12-ஆவது பிரெட் கம்பியின் சரிபாதி, அதனால் அங்கே 0.8 குறைய சேடிலில் 1.6 தேய்க்க வேண்டும்.

இப்போது உள்ள சேடில் உள்ளே குழிவான பிளாஸ்டிக். எருமை எலும்புத் துண்டு மூன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.

புதுக் கம்பியும் மாற்றினேன், பாஸ்பர் பிரான்ஸ், 12-53 (மிக மெல்லியதன், மிகத் தடித்ததன் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). சின்ன கிடாருக்கு இது தடிமன் இல்லையா என்றால், இதன் கம்பி நீளம் 600 மில்லிமீட்டர்தான், பழையதில் 645. அதே கம்பியை அதே சுருதியில் வைத்தாலும் இழுவை சுமார் 13 சதவீதம் குறைவு. விரலுக்கு மெத்தென்று இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. கீழ்வீட்டு மாமியின் தஞ்சாவூர் வீணைக்குப் பக்கத்தில் என் கிடாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இன்று வாசிக்கக் கூடாது, நாளை விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம்.

மாமி பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்து, "இது உங்க குதிரையா?" என்றார். வீணையில் பிரிட்ஜுக்குப் பேர் குதிரை, பிரெட்டுக்கு மெட்டு, கம்பியை முறுக்கும் ஆணிக்கு பிருடை. என்னுடையதில் குதிரை மேல் சேடில், அதாவது சேணம். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை! எலும்பு வைக்கப்போகிறேன் என்று சொல்லத் தயங்கினேன். பூஜை அறையாயிற்றே. மாமி சாதாரணமாக, "அதனால என்ன, இதுல மான் கொம்பு இழைச்சிருக்கே, பாத்ததில்லையா?" என்று குடத்தின் ஓரத்தைக் காட்டினார். அப்புறம், "குதிரையில கை வைக்கறதா இருந்தா பாத்து வையும்மா. எடுத்தத ஒட்ட முடியாது" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து மாலை நாலுக்கு எழுந்தேன்.

சேடிலை மேலே தேய்க்கக் கூடாது. மேல்பக்கத்தில் பிரெட்போர்டின் வளைவு இருக்கிறது. பி கம்பிக்குச் சுருதி சேர்வதற்காக அந்த இடம் மட்டும் கொஞ்சம் பின்தள்ளியும் இருக்கிறது. அதனால் பழையதை அச்சாக வைத்து முதலில் மேல்பக்கத்தை உருவாக்கி, பிறகு அடியைத் தேய்த்துத்தான் உயரம் குறைக்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு தேய்த்தேன். பல் டாக்டரிடம் டிரில் ஓடும்போது வருமே, அதே வாசனை.

முதல் துண்டு வீண். தேய்க்கத் தேய்க்க என் விரல் ஒரு பக்கமாகவே அழுத்தியிருக்கிறது, அடி சாய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் சேடிலுக்கும் குழிக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம். அடி முழுக்கப் படியாவிட்டால் ஒலி பலகைக்குப் போகாது. இரண்டாவதில், பத்து இழுப்புக்கு ஒரு தடவை துண்டைத் திருப்பிப் போட்டேன். பென்சில் கோட்டுக்கு வந்ததும் 400 எண் தாளில் மெருகு.

கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் நட்டிலும் வேலை இருந்தது. மூன்றாவது பிரெட்டில் அழுத்தினால், முதல் பிரெட்டுக்கு மேல் கம்பி தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இதில் அட்டையே நுழைந்தது. பாரிமுனையில் வாங்கிய, கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் சொரசொரப்பான கம்பிகளால் பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

உயரம் 2.4! எஃப் கார்டு வலிக்கவில்லை. மெல்லிய கம்பிகளில் மணி மாதிரி ஒரு துலக்கம் வந்திருக்கிறது, முன்பு அது இல்லை.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விடிந்ததிலிருந்து மழை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வீட்டுக்குள் ஈரப்பதம் 86 சதவீதம்.

கிடாரை எடுத்தால் கம்பி மறுபடி உயரம், 2.8. மரம் ஈரத்தைக் குடித்து மேற்பலகை உப்பியிருக்கிறது. பிரிட்ஜும் கூடவே ஏறிவிட்டது. உப்புத்தாளைக் கையில் எடுத்தே விட்டேன். மாமி சொன்னது நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு மூடினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

2.6. இறங்குகிறது.

மார்ச் 9, 2025, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது, ராத்திரியில் ஏசி ஓடுகிறது. அறையில் ஈரப்பதம் 48. பலகை தணிந்து கம்பி 2.1-க்கு வந்துவிட்டது, அழுத்தி மீட்டினால் தடித்த கம்பி இரண்டும் பிரெட்டில் பட்டு 'ஜிர்ர்' என்கிறது. புயலன்று தேய்த்திருந்தால் இன்று வாசிக்கவே முடிந்திருக்காது.

மூன்றாவது எலும்புத் துண்டை எடுத்தேன். பழையதைவிட 0.6 உயரமாக இன்னொரு சேடில். இந்தத் தடவை அடி சாயவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. மாட்டி அளந்தால் 2.4, ஜிர்ர் இல்லை.

பழைய சேடிலின் அடியில் பென்சிலால் 'மழை' என்று எழுதித் தீப்பெட்டியில் போட்டு, கிடார் பெட்டியின் சின்ன அறைக்குள் வைத்திருக்கிறேன். புதியதன் அடியில் 'வெயில்'. சாயங்காலம் மாமி காப்பியோடு மேலே வந்தார். ஒரு மணி நேரம் வாசித்தேன், தோள் ஒன்றும் சொல்லவில்லை.