மஞ்சள் அரைக்கப் பழைய பல்வரைசர் வாங்கிய அனுபவம்

ஈரோட்டில் சின்னதாக மசாலாப் பொடி யூனிட் நடத்துகிறேன். கூலிக்கு அரைக்கக் கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாகவே ஒரு பல்வரைசர் (பொடியாக அரைக்கும் மெஷின்) போட்டுவிடலாம் என்று இறங்கினேன். புதுசு வாங்கக் கையிருப்பு போதாது. கோவை, சேலம் பக்கம் பழைய மெஷின் யார்டுகளில் தேட ஆரம்பித்தேன்.

சாப்பிடுகிற பொருள் அரைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இதுல இதுவரைக்கும் என்ன அரைச்சீங்க?" என்பதைத்தான். சேலம் பக்கம் பார்த்த ஒரு மெஷினில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. கூட வந்த ஃபிட்டர் கதவைத் திறந்து, உள்சுவரில் பதித்திருக்கும் லைனர் தகட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாகக் கல்மாவு உதிர்ந்தது. மேக்னசைட் கல் அரைத்த மெஷின். "தண்ணி அடிச்சுக் கழுவுனாப் போயிருங்க" என்றார் விற்பவர். வெல்டிங் இடுக்கில் ஏறி இறுகினது எங்கே போகும்? "வேண்டாங்ண்ணா, வாங்க போலாம்" என்று ஃபிட்டர் கிளம்பிவிட்டார். விலை பாதிதான். ஆனாலும் குழந்தைகள் சாப்பிடும் சாம்பாரில் விழுகிற பொடியை அதில் அரைக்க எனக்கு மனசு வராது.

அடுத்து, "மணிக்கு 200 கிலோ ஓட்டும்" என்ற பேச்சு. எந்தச் சரக்கு, எந்த மெஷ் (சல்லடைக் கண்ணின் அளவு) என்று சொல்லாவிட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. மல்லியும் விரலி மஞ்சளும் ஒன்றா? விரலி கல் மாதிரி. அதை 60 மெஷ்ஷுக்கு, அதாவது சுமார் 250 மைக்ரானுக்கு இறக்கும்போது மல்லிக்குச் சொன்ன அளவு வரவே வராது. அதனால் எங்கள் விரலியிலேயே ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

கோவையில் பார்த்த மெஷின் மசாலா யூனிட்டிலிருந்து வந்தது. சரக்கு படுகிற இடமெல்லாம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். புல்லியை டேப் வைத்து அளந்தோம். மோட்டார் 1440 ஆர்பிஎம். உள்ளே சுழன்று அரைக்கும் ரோட்டார் 2880 சுற்ற வேண்டுமென்றால் மோட்டார் புல்லி, ரோட்டார் புல்லியைப் போல இரண்டு மடங்கு பெரிசாக இருக்க வேண்டும். இடையில் யாராவது புல்லியை மாற்றியிருந்தால் வேகம் குறைந்து பொடி கொரகொரவென்று வரும். இதில் சரியாக இருந்தது. 20 எச்பி மோட்டார், ரீவைண்டிங் செய்தது. காயிலில் மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் மீட்டர் போட்டுப் பார்த்தோம். பிறகு சரக்கே போடாமல் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்தோம். சரக்கு போட்ட பிறகும் நேம் பிளேட்டில் உள்ள அளவைத் தாண்டவில்லை.

அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் எல்லா பேரிங்கும் நல்ல பேரிங்தான். நேரம் ஆக ஆக ஒரு பக்கத்து பேரிங் கை வைக்க முடியாதபடி கொதித்தது. பொடியையும் உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். சுடச்சுட வந்தால் மஞ்சளின் எண்ணெயும் மணமும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. சல்லடையில் சலித்ததில் கப்பி கொஞ்சம்தான் நின்றது.

பேரிங்கையும், சரக்கை அடித்து நொறுக்கும் பீட்டர்கள் தேய்ந்திருந்ததையும் காட்டி விலையைக் குறைத்துப் பேசினேன். மெஷினின் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் வாங்கிய பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். பேங்க் லோனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அந்தக் காகிதம்தான் பேசும்.

இங்கே இறக்கியதும் இரண்டு பேரிங்கையும் மாற்றினோம். பீட்டர்களையும் முழு செட்டாகவே மாற்றி, எதிரெதிரே வரும் ஜோடிகளைத் தராசில் வைத்து ஒரே எடையாகப் பார்த்து மாட்டினார் ஃபிட்டர். எடை வித்தியாசம் இருந்தால் அதிர்வு வந்து புது பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். சரக்கு விழும் வாயில் காந்தக் கம்பி வைத்தோம். மூட்டையோடு வரும் ஆணியும் கம்பித் துண்டும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தினமும் வேலை முடிந்ததும் துடைத்து எடுக்கிறோம்.