பிறப்புச் சான்றிதழில் காலியாக இருந்த கட்டம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இருக்கும் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சிலோனில் எந்தத் தோட்டம், அதற்கு முன்னால் எந்த ஊர் என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. எனக்கு இப்போது தெரியும். ஆனால் பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாத்தா இங்கே வந்தபோது கொடுத்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான் கையில் இருந்தன. இரண்டிலும் வயது உத்தேசம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் இல்லை.

இவற்றை வைத்துக்கொண்டு தேடி இலங்கைக்கே போனேன். விசா, விமானம், மலையேறும் ரயில் எல்லாம் சுலபமாக முடிந்தது. மலையகத்தில், அதாவது தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலைநாட்டில், ஓர் அரசு அலுவலகத்தில்தான் சிக்கல். தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேட்டதும், "நம்பர் இல்லாம தேட ஏலாது தம்பி" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார் அந்த எழுத்தர். இது தவறு. பதிவு எண் தெரியாவிட்டாலும் உத்தேச ஆண்டைச் சொல்லி, கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம். விடுதிக்காரர் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது.

மறுபடி போனால் "அப்படி ஒரு தோட்டமே இல்லையே" என்றார். நான் சொன்னது அப்பாயி வாயில் புழங்கிய தமிழ்ப் பெயர். பதிவேட்டில் இருப்பதோ வெள்ளைக்காரன் வைத்த பெயர். அங்கே பல தோட்டங்களுக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு, பஸ் நடத்துநருக்குக்கூட அது தெரியும். அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வழி திறந்தது வீட்டுப் பெட்டியிலிருந்துதான். சித்தப்பா அங்கே பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் தகப்பனார் பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம். அது காலி. அப்படியானால் கடல் தாண்டி வந்தவர் தாத்தாவின் அப்பாதான் என்று ஊகித்தேன். அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா என்று கேட்டே நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம். அந்தக் கேள்வியே இத்தனை காலம் கழித்து எனக்கு வழி காட்டியது. அதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, இல்லை என்றார்கள். தோட்டங்கள் 1970-களில் அரசுக்குப் போய், 1992-இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியவை. நடுவில் எது எங்கே போனதோ. சோர்ந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் நடந்தேன். அதுதான் நல்லதாகப் போயிற்று.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சொந்த பந்தத்திலும்தான் ஆள் கட்டினார்கள். அதனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே லயத்தில் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு ஊர்ப் பெயர் நினைவில் இருக்கிறது. தாத்தாவின் பெயரைச் சொன்னதும் ஒரு பாட்டி, "வாய்யா, நீ அவுங்க பேரனா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்து ஊரையும் குலதெய்வத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எந்த ஆபீசும் தராததைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் தந்தார் அந்த மனுஷி.

முசிறியில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பயனில்லை. நிலம் இல்லாதவனுக்குப் பட்டா ஏது, சிட்டா ஏது? நேரே குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை எழுதும் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அதை வைத்திருந்தவர் எங்களுக்குப் பங்காளியாகவே இருந்தார். தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்ததும், அவர் வாரிசுகள் அதே தெருவில் இருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

கிளம்புமுன் வீட்டில் இருக்கும் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும், உங்களுடையதை மட்டுமல்ல, சித்தப்பா, அத்தை என்று அங்கே பிறந்த அத்தனை பேருடையதையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். லயத்தில் இருக்கும் பெரியவர்களை முதலில் பாருங்கள், ஆபீசுக்கு அப்புறம் போகலாம்.

மாசித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டையும் ஒரு தலைக்கட்டாக நோட்டில் எழுதிவிட்டார்கள். வரி கட்டியாயிற்று.