அடைவு ஆய்வின் எண்ணை யார்மீது ஏற்றுவது?

2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு, அதாவது மாதிரியாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் தேர்வு, நாடெங்கும் ஒரே நாளில் நடந்தபோது, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த நான் ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கள ஆய்வாளராகச் சென்றிருந்தேன். கொரோனாவால் மூடப்பட்டிருந்த தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்தது அதே மாதம் 1ஆம் தேதிதான். என் முன் அமர்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குமுன் வகுப்பறையில் உட்கார்ந்தது ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்திருந்தது.

ஒரு சிறுமி ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளைக் குறித்துவிட்டு, "ரெண்டுமே சரியாத்தானே இருக்கு சார்?" என்று கேட்டாள். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அந்தக் கேள்வியில் அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதனால் ஆய்வுக்குப் பழுதில்லை, சுமார் 1.18 லட்சம் பள்ளிகளிலிருந்து 34 லட்சம் மாணவர்கள் எழுதிய ஆய்வு, மாவட்டத்தையும் மாநிலத்தையும் அளப்பதற்காக அமைக்கப்பட்டதே தவிர, அச்சிறுமியையோ அவளுடைய ஆசிரியையையோ எடைபோடுவதற்காக அன்று.

2022 மே மாதம் முடிவுகள் வெளிவந்தபின் நடந்த ஒரு மீளாய்வுக் கூட்டத்தில் இந்த வேறுபாடு முற்றிலும் மறக்கப்பட்டது. மூன்றாம் வகுப்புக் கணிதத்தின் தேசியச் சராசரி, 500 வரையிலான அளவுகோலில் 306. அதை 61 விழுக்காடு என்று வகுத்துக் காட்டி, மாவட்டம் அதற்கும் கீழே நிற்பதாகச் சொல்லி, தலைமையாசிரியர்களை எழுப்பி விளக்கம் கேட்டார்கள். அந்த அளவுகோல் மதிப்பு, கேள்விகளின் கடினத்தையும் கணக்கில் கொண்டு உருவாக்கப்படுவது. நூறு கேள்விகளில் 61 சரி என்று அதற்குப் பொருளே இல்லை. எழுந்து நின்றவர்களில் பலருடைய பள்ளிகள் ஆய்வுக்கான மாதிரியில் இடம்பெறவே இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. பிறகு சில பள்ளிகளில் ஓ.எம்.ஆர். எனப்படும், இயந்திரம் திருத்தும் விடைத்தாளில் வட்டமிடும் பயிற்சி வாராவாரம் தொடங்கியது. வாசிப்புக்கு இருந்த நேரம் அதற்குப் போனது.

இத்தகைய தேர்வுகளே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு கற்றல் விளைவிலும், அதாவது அந்த வகுப்பில் பிள்ளை கற்றிருக்க வேண்டிய ஒவ்வொரு திறனிலும், எத்தனை விழுக்காட்டினர் சரியாக விடையளித்தனர் என்பதை மாவட்ட அறிக்கை தருகிறது. மாவட்டம் முழுவதும் பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுமாறினால், பாடநூலையும் நாங்கள் நடத்தும் பயிற்சியையும்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் விழுக்காடுகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் பூச்சியம் வரும் கழித்தல் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். 503இலிருந்து 287ஐக் கழிக்கும்போது பத்துகள் இடத்தில் கடன் வாங்க ஒன்றும் இல்லாமல் பிள்ளைகள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அந்தப் பாடத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கையை எழுதி மேலே அனுப்பினோம்.