வெட்டுத்துணிக்கு ஒரு கூட்டம்

மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், கோபுரம் வைத்த கோர்வை. யாரோ ஒருத்தி முகூர்த்தத்துக்குக் கட்டிய புடவையாகத்தான் இருக்கும். அதை மேஜைமேல் நாலாக மடித்துப் போட்டு, பீட்சா வெட்டும் சக்கரம்போல் ஒரு கத்தியை ஸ்கேல் ஓரமாக ஓட்டி, இரண்டரை அங்குலப் பட்டைகளாக நறுக்கிக்கொண்டிருந்தார் அந்த வெள்ளைமுடி அம்மா. சரக், சரக். எனக்கு அடிவயிறு கலங்கியது. அவரோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உங்க ஊர்ப் பட்டு! பழைய சாமான் கடையில எட்டே டாலர்" என்றார். எனக்கு ஏதோ நல்ல சேதி சொல்கிறாராம்.

வெட்டிய ஓரத்தில் ஜரிகை பிரிந்து தொங்கியது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளி விலகி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசல் ஜரிகை. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். சேலத்தில் அப்போது ராத்திரி பதினோரு மணி இருக்கும். தூங்காமல் பதில் வந்தது: "எந்த மகராசி பெத்த புள்ளயோடதோ. நீ பாத்துக்கிட்டா நின்ன?"

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வேறென்ன செய்ய? ஒஹாயோவின் தென்கிழக்கில் ஒரு சர்ச்சின் அடித்தள ஹால் அது. வசந்தத்தில் ஒரு முறை, இலை உதிரும்போது ஒரு முறை என்று சுற்றுவட்டாரத்து ஆர்ட் குவில்ட்காரர்கள் அங்கே கூடுவார்கள். 1989-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்டுடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் போன்ற பெரிய சங்கங்கள் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து முறையாக நடத்துகின்றன. எங்களுடையது எதிலும் சேராத சின்னக் கூட்டம். காலையில் ஆளாளுக்குத் தைத்ததை எடுத்துக் காட்டுவது, பிறகு யாராவது ஒருவர் ஒரு வித்தை சொல்லித் தருவது, மதியம் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது. முதல் தடவை ஒருவர் ஜவ்வரிசியைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார். சேலத்துக்காரியிடமே ஜவ்வரிசியா! எங்கள் ஊர் ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வாசலில் நிற்கும் லாரி வரிசையைப் பற்றி நான் சொன்ன கதையை மரியாதைக்குக் கேட்டார்கள்.

குவில்ட் என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி; மூன்றையும் கோத்து ஒரு தையல். போர்த்தினால் குவில்ட், சுவரில் மாட்டினால் ஆர்ட் குவில்ட். மாட்டுவதற்குக் கம்பி நுழைய, பின்பக்கம் மேலே நாலு அங்குலத்துக்கு ஒரு துணிக்குழாய் தைப்பார்கள். எங்கள் ஒஹாயோப் பக்கத்தில் இந்தக் கலைக்குத் தனி மவுசு. 1914-ல் கட்டிய ஒரு பால்மாட்டுக் கொட்டகை இங்கே ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. 1979-ல் குவில்ட் கலைஞர் நான்சி க்ரோவும் இன்னும் சிலரும் அதில்தான் குவில்ட் நேஷனல் கண்காட்சியைத் தொடங்கினார்கள். படுக்கையில் விரிக்கிற சாமானுக்கு ஓவியக் கண்காட்சியில் இடமில்லை என்றிருந்த காலம். இன்றும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. காரில் போனால் வழியெல்லாம் களஞ்சியச் சுவர்களில் குவில்ட் கட்டங்களைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் 2001-ல் இதே மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் தொடங்கிப் பரவியதுதான்.

நான் டெய்லர் மகள். சேலம் இரண்டாவது அக்ரஹாரத்தில் அப்பாவின் கடை. அதனால் பாதி நேரம் எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் வேலை. மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை இழுத்து இழுத்துக் கோலம் போடுவதை ஒருநாள் பட்டறையாக வைத்துக் காசு வாங்குகிறார்கள். அப்பா கடையில் எம்பிராய்டரி போடும் அண்ணன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, கால்மெஷினில் இதைத்தானே செய்தார்! இன்னொரு கூட்டத்தில் பனியால் சாயம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். சோடா சாம்பல் தண்ணீரில் நனைத்த துணிமேல் பனியைக் குவித்து, மேலே சாயப்பொடியைத் தூவிவிட்டால், பனி உருக உருக நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து இறங்கும். அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. தொட்டியில் ஓடிய ஊதா நீரைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். நான் சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றை நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் பாலத்தில் நின்று, இன்று எந்தச் சாயப்பட்டறையில் என்ன கலர் என்று பந்தயம் கட்டிய பிள்ளைகள் நாங்கள்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். எனக்குத் தாங்கமுடியாதது ஒன்றுதான்: முழுத் துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் சேர்த்துத் தைக்கிறார்கள். பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலத்தில் கால் கெஜத் துண்டாகவே கடையில் மடித்து விற்கிறார்கள். அப்பா கடையில் அதைவிடப் பெரிய வெட்டுத்துணி மேஜைக்கு அடியில் கிடக்கும். அதையும் வீணாக்கமாட்டார்கள். தலையணைக்குள் போகும், கால்மிதியாகும், மிச்சத்தை அத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார். நாமெல்லாம் கிழிந்த பிறகு தைத்தவர்கள். தைப்பதற்காகவே கிழிப்பதை இங்கேதான் பார்க்கிறேன். இந்த மனத்தாங்கலோடுதான் அந்த மாம்பழ மஞ்சளையும் பார்த்தேன் போல. பிறகு யோசித்தால் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. "பழைய பட்டுப் புடவ, ஜரிகை வேட்டி வாங்கறதே..." என்று சைக்கிளில் வருபவர்களிடம் அம்மா தன் முகூர்த்தப் புடவையையே போட்டாரே. இற்றுப்போச்சு என்று சாக்கு. அவர்கள் அதை எரித்து வெள்ளியை எடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு இட்லிக் குண்டான் வந்தது. எட்டு டாலர் புடவையாவது ஒரு சுவரில் தொங்கும்.

ஆனால் அங்கே ஒன்று உண்டு, அதற்காகத்தான் மறுபடி மறுபடி போகிறேன். ஒருவர் தைத்ததைத் தூக்கிப் பிடித்தால் ஹாலே எழுந்து பக்கத்தில் வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார்கள். "இந்த இடத்தில் தையலை ஏன் நெருக்கினாய்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும்வரை காத்திருப்பார்கள். பேச்சுவாக்கில் நான் தேர்த் தொம்பைகளின் படத்தைக் காட்டினேன். தேரின் நாலு பக்கமும் உருளையாகத் தொங்குமே, யாளியும் பூவும் வெட்டி ஒட்டித் தைத்தது, அதுதான். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவேலை. என் போன் ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி வந்தது. யார் தைப்பது, எத்தனை அடுக்கு, காற்றில் ஆடும்போது தையல் எப்படித் தாங்குகிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேரடியில் வளர்ந்தவள் நான். வடத்தைப் பார்த்திருக்கிறேன், நீர்மோர் வாளியைப் பார்த்திருக்கிறேன். தொம்பையை அண்ணாந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை.

அன்றிலிருந்து அத்தைதான் மனசில். செத்துப்போன பாட்டியின் சுங்குடியும் அத்தையின் பழைய வாயில் புடவைகளும் அடுக்கி, ஓரத்தில் அப்பா கடை வெட்டுத்துணியைப் பட்டையாக வைத்து, ஓட்டுத்தையலாகவே ஓட்டி ஓட்டி அத்தை தைத்த விரிப்பில்தான் நாங்கள் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் படுத்து உருண்டோம். அதை ஒருவரும் கிட்டே வந்து பார்த்ததில்லை. "சளி புடிக்கும், விரிச்சுப் படு" என்பதற்குமேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

நான் இங்கே நன்றாகவே ஊன்றிவிட்டேன். பனி டயர் எந்த வாரம் மாட்டுவது என்று தெரியும், அக்கம்பக்கத்தாரோடு அவர்கள் நாயைப் பற்றிக் கால் மணி நேரம் பேசத் தெரியும். எழுபத்தைந்து வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூடப் பழகிவிட்டது; என்ன, பெயருக்கு முன்னால் வாய்க்குள் ஒரு "அம்மா" போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆடி பிறந்தால் சேலத்தில் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை கண்ணில் ஆடுகிறது. அலங்கரித்த வண்டியில் கிரீடமும் பட்டும் போட்டு சாமி வேஷத்தில் வருவார்களே, அந்த உடைகளில் பாதி எங்கள் கடையில் தைத்தவை. ஆடி வந்தால் வீட்டில் ரவிக்கைக்கு இடமில்லை. திண்ணையெல்லாம் சாட்டின், சமிக்கி, முருகனின் மேல்துண்டு.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஆடியில் வாய்த்தது, சேலம் போனோம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே லைட் கட்டி நின்றது. நான் ஒரு ரோட்டரி கட்டரும், அதாவது அந்தச் சக்கரக் கத்தியும், அடியில் போட்டு வெட்டும் பாயும் கொண்டுபோயிருந்தேன். கட்டர் 1979-ல் ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த சாமான், குவில்ட் உலகமே அதன்மேல் ஓடுகிறது. பெட்டியைப் பிரித்ததும் அத்தையின் மருமகள் எடுத்துக்கொண்டாள். பொன்னம்மாப்பேட்டையில் ஆரி ஒர்க் போடுகிறவள், கை துறுதுறுவென்றிருக்கும். அவளைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது: நாமும் ஒருநாள் கூடினால் என்ன?

சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். அவர் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அம்மா, அத்தை, மருமகள், அவளிடம் வேலை கற்கும் பிள்ளைகள், பக்கத்துவீட்டு அக்கா ஒருவர். அவர் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய சௌராஷ்டிரக் குடும்பம். இருபது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கடந்தோம். மேலே போனதும் மழைமூட்டம், மிளகுக்கொடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டுவடை செட்டுக்குத் தேவையானதை அம்மா கீழேயிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேரட் துருவல், பீட்ரூட், ரெண்டு சட்னி. கூட்டம் முதலில் தின்றது.

பிறகு நான் ஒஹாயோ பாணியில், "ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, எப்படித் தைச்சீங்கன்னு சொல்லுங்க" என்றேன். ஒரே மௌனம். அத்தை விரிப்பை மடியிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "கால்ல மிதிக்கறதத் தூக்கிக் காட்டறதாக்கும்? அட போ கண்ணு." நானே பிடுங்கி வராந்தாக் கம்பியில் போட்டேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. உள்ளே இருந்த அடுக்குகளின் பூக்கள் மேல்துணி வழியாக மங்கலாகத் தெரிந்தன. தையல் நேர்கோட்டில் போகவில்லை. ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிந்திருந்தது. "ஏன் அத்தை இப்படி?" என்று கேட்டேன். "நடுவுலதான மொதல்ல இத்துப்போவுது? அங்க தையல் நெருங்கணும்ல" என்றார். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டார்: "எங்கூட்டுல நடுவுலேருந்து வெளிய ஓட்டுவோம், அப்பத்தான் சுருக்கம் விழாது." அதிலிருந்து ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் கல்யாணம் காட்சி என்று புழங்கிய நாத்தனாரும் அண்ணியும் தையலைப் பற்றி முதல்முறையாகச் சண்டை போட்டார்கள். ஒருவர் தைத்ததை மற்றவர் நகத்தால் நெம்பிப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா சொன்னது அத்தைக்குக் கேட்டிருக்கவேண்டும், காதில் விழாத மாதிரி சட்னி கேட்டார்.

மாம்பழ மஞ்சள் படத்தைக் காட்டியதும் தறிக்கார அக்காவின் முகம் மாறியது. "வெட்டறதுக்கா நாங்க குழியில கால விட்டுக்கிட்டு உக்காந்தோம்?" நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. "துண்டு சேக்கறதுதான் பெரிசா? இங்க குடு" என்று என் கையிலிருந்த நூலை வாங்கினார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும் புதுப்பாவை எப்படிச் சேர்ப்பார்கள் என்று காட்டினார். முடிச்சே கிடையாது. பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்துப் பிடித்து, விரலில் துளி சாம்பல் தொட்டு ஒரு திருகு, மடக்கி இன்னொரு திருகு. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பாவிலே ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றுக்கும் இப்படி. ஆரிப் பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். எனக்கு எத்தனை முயன்றும் இழை நழுவிக்கொண்டே இருந்தது. "உனக்கு விரல்ல ஈரம் ஜாஸ்தி" என்று அக்கா என்னை ஒதுக்கி வைத்துவிட்டார்.

இலையுதிர்காலக் கூட்டத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஹாலில் இருந்தவர்கள் நூலை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பலுக்கு நான் கைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வெள்ளைமுடி அம்மாவுக்கு மட்டும் வந்துவிட்டது. அவருக்கு விரல் காய்ந்த விரல்.

நேற்று அத்தை போன். எனக்கு விடியற்காலை நாலு மணி. கட்டர் பிளேடு மழுங்கிவிட்டதாம், மருமகள் சமிக்கித் துணியையெல்லாம் அதில் வெட்டியிருக்கிறாள். அடுத்த ஆடியில் குகையிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வரும்போலிருக்கிறதாம். "பிளேடு ஒரு பத்து, பாய் இதவிடப் பெரிசா ஒண்ணு. அப்புறம் ஏற்காடு வேண்டாம் கண்ணு, வளவு வளவா வாந்தி. நம்மூட்டுத் திண்ணையிலயே வச்சுக்கலாம். உங்கம்மாகிட்டச் சொல்லு, அவ விரிப்பையும் கொண்டாரச் சொல்லு, நான் பாக்கணும்." பெரிய பாய் இருபத்துமூன்று கிலோ பெட்டியில் மடங்காது. சுருட்டினால் வளைந்துவிடும் என்று கடைக்காரப் பெண் சொல்கிறாள். கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏற விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.