மூன்று மாதமா, ஏழு வருடமா?

ஜாப் ஒர்க் (வெளியில் கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலை) பில்லில் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரியைப் பிடித்துவிட்டு, அந்தப் பணத்தை வாரச் சம்பளத்துக்குத் திருப்பிவிடுவது திருப்பூரில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம் அது. தாமதித்தால் மாதம் 1.5 சதவீத வட்டி. வெளியில் கடன் வாங்குவதைவிட இது மலிவு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் நோட்டீஸ் வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், எத்தனை நாள் உள்ள போடுவாங்க?”

வரி ஆலோசகராக இருந்தும் இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 276பி பிரிவில் வந்த வழக்குகளுக்குக் குறைந்தது மூன்று மாதம் கடுங்காவல், அதிகபட்சம் ஏழு வருடம். கட்டாத தொகை 40 ஆயிரமா, 4 கோடியா என்று அந்தப் பிரிவு பார்த்ததில்லை. வரி ஏய்ப்புக்கான 276சி-யிலாவது 25 லட்சத்துக்கு மேல், கீழ் என்று ஒரு கோடு இருந்தது.

இத்தனைக்கும் வருமான வரித் துறையிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. 25 லட்சம் வரையிலான டிடிஎஸ், தாமதமும் 60 நாளுக்குள் என்றால் சாதாரணமாக வழக்குப் போட வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறிய பிறகுதான் அளவுகோல் இல்லை. தண்டனையை நிர்ணயிக்க விசாரணை நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுதலே கிடையாது என்று கேரளக் கள்ளச்சாராய வழக்கு ஒன்றில் (சோமன் வழக்கு) உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டிருக்கிறது.

கையில் பணம் இருப்பவர் துறைக்குச் சமரசக் கட்டணம் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கும் வழியில்லாத சின்ன யூனிட்காரர்தான் எழும்பூர் பொருளாதாரக் குற்ற நீதிமன்றம் மாதிரி இடங்களில் வாய்தாவுக்கு அலைகிறார். கடன் வாங்கியாவது 7-ம் தேதி கட்டுபவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய மனம் விட்டுப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் வரி மோசடிக்கு 2014 அக்டோபர் முதல் தண்டனை வழிகாட்டி இருக்கிறது. ஏய்த்த தொகையையும் குற்றத்தில் ஏய்த்தவருடைய பங்கையும் வைத்துத் தண்டனை எங்கே தொடங்க வேண்டும் என்று பார்ப்பார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் நீதிபதி கையில்.

இங்கே அப்படி ஒரு வழிகாட்டி வர நாளாகட்டும். எவ்வளவு தொகை, எத்தனை மாதத் தாமதம், வட்டியோடு கட்டினாரா, முன்பும் இப்படிச் செய்தவரா என்ற நாலு விஷயத்தையும் எடைபோட்டு, அதனால் இத்தனை மாதம் என்று ஒவ்வொரு தீர்ப்பிலும் எழுதட்டும். சம்பள நாளில் டிடிஎஸ் பணத்தில் கைவைக்கப் போகும் முதலாளியிடம் அதைக் காட்டி என்னால் அடித்துப் பேச முடியும்.